ரோட்டைக் கண்டு மிரளும் குதிரைக் குட்டியைக் கையில் பிடித்துப் பழக்குவது எப்படி?

ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் வாங்கிய மார்வாரி இன ஆண்குட்டி, இரண்டு வயது. தோட்டத்துக்குள் ஆட்டுக்குட்டி மாதிரி பின்னாலேயே வருகிறது. தார் ரோட்டில் கால் வைத்தால் போதும், காதைக் குத்திட்டுக்கொண்டு மரமாக நின்றுவிடுகிறது. போன வாரம் தக்காளி ஏற்றி வந்த மினி லாரி ஒன்று பக்கத்தில் வந்து ஹாரன் அடிக்க, கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, யாருடைய கேழ்வரகுக் கொல்லையிலோ போய்த்தான் நின்றிருக்கிறது. "ரோட்டோரப் புளியமரத்துல ரெண்டு நாள் கட்டிப் போடு, தானா பழகிடும்" என்கிறாராம் மாமா. கட்டலாமா?

கட்டாதீர்கள் தம்பி. மாமா சொல்வது கெட்ட எண்ணத்தில் இல்லை, மாட்டுக்கு அது ஓரளவு நடக்கும். குதிரைக்குப் பயம் வந்தால் தெரிந்த ஒரே வைத்தியம் ஓட்டம். அதை அடைத்துவிட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, கழுத்தைப் பின்னால் இழுத்து, தலைக்கயிற்றை அறுத்துக்கொண்டு ரோட்டிலேயே பாயும். கயிறு அறுக்காவிட்டால் கழுத்து நரம்பு போகும். இன்னொன்று, இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அசையாமல் நின்றுவிடும். "பழகிடுச்சு பார்" என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். அப்போது ஒரு கை கொள்ளு எடுத்து அதன் வாயருகே நீட்டிப் பாருங்கள். தின்னாது. பயம் உள்ளே அப்படியே இருக்கும். அந்த மாதிரி 'பழகின' குதிரையை நம்பித்தான் ஆட்கள் கீழே விழுகிறார்கள்.

இந்த மண்ணுக்குக் குதிரை புதிதல்ல. ஓசூர் மத்திகிரியில் இன்று கால்நடைப் பண்ணை இருக்கிற இடத்தை 1824-ல் தொடங்கியதே பட்டாளத்துக் குதிரைகளுக்காகத்தான். ஆனால் அந்தக் காலத்து ரோட்டில் குதிரையைவிட வேகமாக வருவதற்கு எதுவும் இல்லை. இன்று உங்கள் குட்டிக்கு எல்லாமே அதைவிட வேகம், அதைவிடப் பெரிது, அதைவிடச் சத்தம்.

நான் குதிரை வைத்திருக்கிற இத்தனை வருடத்தில் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: எல்லாம் தூரத்தில் இருக்கிறது. எவ்வளவு பயந்த குட்டியாக இருந்தாலும், ஏதோ ஒரு தூரத்தில் அது லாரியைப் பார்த்துவிட்டுத் திரும்பப் புல்லில் வாய் வைக்கும். நூறு அடியோ, ஒரு முழுக் கொல்லையோ, அந்தத் தூரத்தைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வாரத்து வேலை. பயம் வந்த பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் அதன் காதில் ஏறாது. பயம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிற இடத்தில்தான் பாடம் நடக்கிறது.

அந்த இடத்தைக் குட்டியின் முகத்தில் படிக்க வேண்டும். கண்ணுக்கு மேலே இருக்கிற தோல் முக்கோணமாகச் சுருங்கும். மூக்குத் துவாரம் விரியும், கீழ் உதடு இறுகிக் கல்லாகும். மார்வாரிக்குக் காது நுனி உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும் இல்லையா, அந்த நுனிகள் ஒரே பக்கம் குத்தி நின்று அசையாமல் இருந்தால் அது வேறு எதையும் கேட்கவில்லை என்று அர்த்தம். கால் மணி நேரத்தில் மூன்று முறை இளக்கமாகச் சாணி போட்டால் அன்றைக்குப் போதும், வீட்டுக்கு வாருங்கள். தலை கீழே இறங்கி, மூக்கால் நீளமாக ஊதிவிட்டால் இறுக்கம் தளர்கிறது. வாய் மென்றால் 'புரிந்துகொண்டது' என்பார்கள் சிலர். பதற்றம் கொஞ்சம் இறங்குகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

அது உலகத்தை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே பாதி கோபம் குறையும். கண் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ 350 டிகிரி பார்க்கிறது. நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னால் சிறிது இடமும்தான் மறைவு. அதனால்தான் பின்னாலிருந்து சத்தம் மட்டும் வந்து, வண்டி திடீரென்று கண்ணோரத்தில் முளைக்கும்போது துள்ளுகிறது. நிறத்தில் நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும், சிவப்பு மங்கல்தான். நம் ஊர் ரோட்டில் நீலத் தார்ப்பாயும் மஞ்சள் ஸ்கூல் பஸ்ஸும்தானே அதிகம்! வெளிச்சத்திலிருந்து நிழலுக்குள் போனால் கண் பழக நமக்கு ஆவதைவிட அதிக நேரம் ஆகும். புளியமர நிழல் ரோட்டில் கறுப்புக் குழி மாதிரி விழுந்து கிடக்கும்போது அது தயங்குவது திமிர் இல்லை. நாற்கரச் சாலைக்குக் கீழே போகிற அண்டர்பாஸ் இன்னும் மோசம், இருட்டோடு எதிரொலியும் சேரும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

'ஒரு கண்ணால் பார்த்தது மறு கண்ணுக்குத் தெரியாது' என்று குதிரைக்காரர்கள் சொல்வார்கள். அது சரியல்ல, மூளையின் இரண்டு பக்கத்துக்கும் தொடர்பு உண்டு. ஆனால் கோணம் மாறினால் பழகிய பொருளே அதற்குப் புதுப் பொருளாகத் தெரிகிறது. போகும்போது கண்டுகொள்ளாத மைல்கல்லைப் பார்த்து வரும்போது மிரள்வது இதனால்தான். எனவே எதைக் காட்டினாலும் இரண்டு பக்கமும் நடத்திக் காட்டுங்கள்.

இனி என் கதை. பல வருடம் முன்பு, காவேரிப்பட்டணம் பக்கம், மாங்காய் சீசன். இரண்டரை வயதுக் குட்டி ஒன்றைக் காலையில் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ஒரு நாய் வேலிக்குள்ளிருந்து குரைத்தது. குட்டி நிமிர்ந்தது, நடந்தது. அப்புறம் ஒரு வீட்டு வாசலில் ஒரு அம்மா பித்தளைக் குடத்தைக் கல்லில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டில் இரண்டடி நகர்ந்தது, மறுபடி நடந்தது. "பரவாயில்லையே, தைரியமாப் போறானே" என்று நினைத்தேன். அடுத்து, வயலில் சொட்டுநீர்க் குழாயிலிருந்து காற்று 'புஸ்' என்று வெளியே வந்தது. அதையும் தாண்டினோம். அப்போது மாங்கூழ் ஆலைக்குப் போகிற லாரி ஒன்று எதிரே வந்தது. ஓட்டியவர் மேல் தப்பே இல்லை, மெதுவாகத்தான் வந்தார். தார்ப்பாயின் ஒரு முனை மட்டும் அவிழ்ந்து படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. குட்டி நாலு காலையும் தூக்கிப் பின்னால் பாய்ந்தது. கயிற்றை நான் உள்ளங்கையில் இரண்டு சுற்று சுற்றி வைத்திருந்தேன். இன்றைக்கும் என் வலது கைச் சுண்டுவிரல் முழுதாக மடங்காது.

கயிற்றைச் சுற்றியது முட்டாள்தனம்தான். பெரிய தப்பு அதற்கும் முன்னால் நடந்தது. நாய், குடம், குழாய் என்று ஒவ்வொன்றும் தனியாகச் சின்ன விஷயம். ஆனால் ஒவ்வொரு பயமும் இறங்குவதற்கு முன் அடுத்தது மேலே ஏறிக்கொண்டே இருந்தது. லாரி கடைசிக் கல். குடத்தடியிலேயே ஓரமாக நிறுத்தி, ஐந்து நிமிடம் புல் மேயவிட்டுத் திரும்பியிருந்தால் விரல் நன்றாக இருந்திருக்கும். உங்கள் குட்டி அன்று தக்காளி வண்டிக்கு மட்டும் பயந்ததா, அதற்கு முன்னால் என்னென்ன பார்த்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

கயிறு பற்றிச் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் பருமனுள்ள பருத்திக் கயிறு, பத்து முதல் பன்னிரண்டு அடி. நைலான் கையை எரித்துவிடும். மிச்சக் கயிற்றை மடிப்பு மடிப்பாக உள்ளங்கையில் பிடியுங்கள், வளையமாகச் சுற்ற வேண்டாம். கால் மூடின செருப்பு, முடிந்தால் கையுறை. ரோடு போடும் ஆட்கள் மாட்டுகிற பளபளக்கும் ஆரஞ்சு மேல்சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வண்டிக்காரர்களுக்குத் தூரத்திலேயே தெரியும். அடங்கவில்லை என்று முள் வைத்த கடிவாளத்தை யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். 1965-ஆம் ஆண்டு இழுவை, சுமை விலங்குகள் வதைத்தடுப்பு விதிகளிலேயே அது தடை. சட்டம் கிடக்கட்டும், லாரி வரும்போதெல்லாம் வாயில் வலித்தால் குட்டி கற்றுக்கொள்வது 'லாரி வந்தால் வாய் வலிக்கும்' என்பதைத்தான். சாட்டைக்கும் அதே கணக்கு. காதில் பஞ்சு, கண்ணுக்குப் பட்டை இரண்டும் வண்டிக் குதிரைக்காரர்கள் சமாளிக்கிற வழி. பழக்குகிற வேலைக்கு உதவாது.

ரோட்டுக்கு வருவதற்கு முன் தோட்டத்துக்குள்ளேயே நாலு விஷயம் கைப்பழக்கமாக வேண்டும். நீங்கள் நின்றால் நிற்பது, நடந்தால் நடப்பது, நெஞ்சில் விரல் வைத்தால் இரண்டடி பின்னால் போவது, பின்பகுதியை நீங்கள் சொல்கிற பக்கம் ஒதுக்குவது. இது நான்கும் சலிப்பாகத் தோன்றுகிற அளவுக்கு வரட்டும். இதை வலப்பக்கம் நின்றும் செய்யச் சொல்லிக்கொடுங்கள். நிறையப் பேர் விட்டுவிடுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன்.

வழக்கமாகக் குதிரைக்கு இடப்பக்கம் நின்றுதான் பிடிக்கிறோம். ரோட்டின் இடது ஓரமாகப் போகும்போது அப்படிப் பிடித்தால் நீங்கள் மண்ணில், குதிரை வண்டிகள் போகிற பக்கத்தில். மாற்றிப் பிடியுங்கள். குட்டி மண் ஓரத்தில், நீங்கள் அதன் வலத் தோளருகே, வண்டிக்கும் அதற்கும் நடுவில். வண்டி வரும்போது அதன் தலையைக் கொஞ்சம் உங்கள் பக்கம், அதாவது வண்டிப் பக்கம் திருப்புங்கள். தலை வலம் வந்தால் பின்பகுதி தானாக இடம் போகும், ரோட்டை விட்டு விலகும். வண்டி அதன் கண்ணுக்கும் படும். பயத்தில் தலையை மண் பக்கம் இழுத்துப் பிடிப்பவர்கள்தான் பின்பகுதியைக் கொண்டுபோய் நடு ரோட்டில் போடுகிறார்கள். இன்னொன்று, தலைக்கு நேர் முன்னால் நடக்காதீர்கள். அது பாய்ந்தால் முதலில் உங்கள் மேல்தான் பாயும். தோளுக்கு ஒரு கை தூரத்தில் இருங்கள்.

நிதானமான வயதான குதிரை யாரிடமாவது இருந்தால் இரண்டு வாரத்துக்கு இரவல் கேளுங்கள். அதை வண்டிப் பக்கமும் குட்டியை உள்பக்கமும் விட்டு, ஆளுக்கொன்றாகப் பிடித்து நடந்தால் நீங்கள் மூன்று மாதம் சொல்லிக்கொடுப்பதைக் கிழவி பத்து நாளில் சொல்லிக்கொடுப்பாள். பெரியது மிரளும் ஜாதியாக இருந்தால் மட்டும் வேண்டவே வேண்டாம்.

வண்டியை எப்படி அறிமுகம் செய்வது? துரத்துகிற பொருளுக்குத்தான் குதிரை பயப்படும், விலகிப் போகிற பொருளை எட்டிப் பார்க்கும். இதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சிநேகிதர் ஒருவரை டி.வி.எஸ். எக்ஸெல்லோடு தோட்டத்துக்கு வரச் சொல்லுங்கள். முதல் நாள் வண்டி சும்மா நிற்கட்டும், சீட்டு மேல் ஒரு கை கொள்ளு வையுங்கள். அடுத்து எஞ்சின் போடாமல் அவர் தள்ளிக்கொண்டு போகட்டும், நீங்கள் குட்டியோடு பின்னால் போங்கள். நாலைந்து நாளில் அது கழுத்தை நீட்டிப் பின் லைட்டை முகர்ந்து பார்க்கும். அந்த முகர்தல் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பிறகு எஞ்சின் ஓட, மெதுவாக முன்னால் போக. பிறகு பக்கத்தில். எதிரே வருவது கடைசியில், முதலில் நாற்பது அடி தள்ளி. டிராக்டரையும் இதே வரிசையில் பழக்குங்கள். டிரெயிலர் காலியாக இருந்தால் தகரம் தடதடக்கும், அதைத் தனியாக இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய வண்டிக்கு டவுன் பஸ்தான் நல்ல வாத்தியார், நேரத்துக்கு வரும். காலை வண்டி எத்தனை மணிக்கு என்று உங்களுக்குத் தெரியும். கால் மணி முன்னதாக ரோட்டிலிருந்து நூறு அடி தள்ளிக் கொல்லையில் குட்டியை மேயவிட்டு நில்லுங்கள். பஸ் வரும், போகும். பார்க்கட்டும், திரும்ப மேயட்டும். மூன்று நாள் தலையே தூக்கவில்லை என்றால் பத்தடி முன்னால். தூக்கி, காதைக் குத்தி, அப்படியே நின்றால் நேற்றைய இடத்துக்கே திரும்புங்கள். பின்வாங்குவது தோல்வி என்று நினைக்கிற ஆள் குதிரை வைத்திருக்க வேண்டாம், பைக் வாங்கிக்கொள்ளலாம்.

நடக்கிற நாளில் பதினைந்து, இருபது நிமிடம் போதும். வாரத்துக்கு நாலைந்து நாள். ஒரே துண்டு ரோட்டை அது சலித்துப்போகிற வரை நடத்துங்கள். மிரண்ட அந்த நொடியிலேயே வீட்டுப் பக்கம் திருப்பி ஓட்டமும் நடையுமாக வராதீர்கள், மிரண்டால் வீடு கிடைக்கும் என்று கற்றுக்கொள்ளும். விலகிப் போவது வேறு. முகம் அந்தப் பொருளைப் பார்த்தபடியே கொல்லைக்குள் பத்தடி இறங்கி, அது மூச்சு விடுகிற வரை நின்று, பிறகு நாலடியாவது முன்னால் நடந்துவிட்டு அமைதியாகத் திரும்புங்கள்.

கரும்புச்சாறு மெஷினில் சலங்கை கட்டியிருப்பார்களே, ஜல்ஜல்லென்று. என் பெண்குதிரை ஒன்று லாரிக்கெல்லாம் அசையாதவள், அதைக் கேட்டு நட்டுக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கத்து மரத்தடியில் அவளை நிறுத்திவிட்டு நான் இரண்டு கிளாஸ் சாறு குடித்தேன். மூன்றாம் நாள் சக்கையை வாங்கித் தின்றாள். ஒரு கை சக்கைதான் கொடுத்தேன், புளித்த சக்கை வயிற்றுக்கு ஆகாது.

நம் ஊர் வண்டிக்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து மெதுவாக அசைத்தால் முக்கால்வாசிப் பேர் வேகம் குறைப்பார்கள், சிலர் எஞ்சினையே அணைத்துவிட்டு "என்ன விலைண்ணா?" என்பார்கள். தொல்லை இரண்டு பேரால்தான். ஒருவர், குதிரையைப் பார்த்த ஆசையில் ஹாரன் அடிப்பவர். பல சுரத்தில் அலறுகிற ஹாரனுக்கு மோட்டார் வாகன விதிகளில் அனுமதியே கிடையாது, இருந்தும் லாரிக்கு லாரி இருக்கிறது. இன்னொருவர், பக்கத்திலேயே பைக் ஓட்டிக்கொண்டு வீடியோ எடுக்கிற பையன். அவனிடம் சண்டை போடாமல், "தம்பி, முன்னாடி போய் நில்லு, நல்லா எடு" என்று சொல்லுங்கள். முன்னால் போய்விடுவான், குட்டிக்கும் பாடம்.

தெருநாய் துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, குட்டியின் முகத்தை நாய்ப் பக்கம் திருப்பினால் பெரும்பாலான நாய் பின்வாங்கும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே கால்நடை டாக்டரிடம் போங்கள். வெறிநோய் குதிரைக்கும் வரும். வில்வாத (டெட்டனஸ்) ஊசியும் போட்டிருக்க வேண்டும், ஆணி குத்தின சின்னக் காயம் போதும் குதிரையை மாய்க்க.

நேரம் பார்த்துப் போங்கள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் தார் கொதிக்கும். புறங்கையை ரோட்டில் ஐந்தாறு நொடி வைக்க முடியவில்லை என்றால் குட்டியைக் கூட்டிப்போகிற நேரம் இல்லை. ராயக்கோட்டைப் பக்கமும் காடு உண்டு, நீங்களும் கவனம். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து ஆட்களும் விடியாத நேரத்தில் கிளம்ப வேண்டாம். 2022-ல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்த காடு அங்கே இருக்கிறது, ராகி விளைகிற காலத்தில் யானை ரோட்டுக்கே வரும். அங்கே குதிரை நின்றுவிட்டு மூக்கை விரித்தால் தைரியம் சொல்லாதீர்கள், அதன் பேச்சைக் கேட்டுத் திரும்புங்கள். பொங்கல் முடிந்து எருது விடும் விழாக் காலத்தில் பட்டாசும் மைக்செட்டும் இருக்கிற ஊர்ப் பக்கமே போக வேண்டாம்.

கொள்ளு எவ்வளவு போடுகிறீர்கள்? சந்தையில் வாங்கின ஜோரில் வேளைக்கு வேளை ஊறவைத்துக் கொட்டி, நாள் முழுக்கக் கட்டியும் வைத்தால் ரோட்டில் அது வெடிக்கத்தான் செய்யும். பாதியாகக் குறைத்து, சோளத்தட்டும் பசும்புல்லும் கூட்டி, தினம் கொல்லையில் அவிழ்த்துவிடுங்கள். இரண்டு வயசுதானே, இப்போதே மேலே ஏறச் சொல்பவர்களையும் கேட்காதீர்கள். முதுகெலும்பின் வளர்ச்சி முழுதாக முடிய ஐந்து வயது தாண்டும். மூன்று வயசு முடிந்த பிறகு மெல்லிய ஆளாக ஏற்றிப் பார்க்கலாம், அதுவரை கையில் நடக்கிற நடைதான் அதற்குப் பள்ளிக்கூடம்.

கடைசியாக அந்தத் தக்காளி வண்டி. ராயக்கோட்டை மண்டிக்குத் தினம் போகிற வண்டியாக இருந்தால் ஓட்டுகிறவர் உங்களுக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, மண்டியில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது பத்து நிமிடம் உங்கள் தோட்டத்து முனையில் எஞ்சினை அணைத்து நிறுத்தச் சொல்லுங்கள். குட்டியைத் தூரத்திலிருந்து பார்க்க விடுங்கள், அதுவாக நெருங்கினால் பின் கதவில் கொஞ்சம் கொள்ளு வையுங்கள். கூடையில் தழை கிடந்தால் மட்டும் வாய் வைக்க விடாதீர்கள், தக்காளிச் செடியின் இலையும் தண்டும் குதிரைக்கு விஷம்.